கழுத்தில் எந்த இடம்?

மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே, இரண்டு காதுகளிலிருந்தும் வரும் குழாய்கள் வந்து திறக்கும் ஓர் இடுக்கு இருக்கிறது. அங்கே தொடங்கும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுப்பதே என் தொழிலாக இருந்தது. ஆனால் என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மூக்கைக் காட்டி வரவில்லை. கழுத்தைக் காட்டித்தான் வந்தார்கள். காதுக்குக் கீழே, தாடை எலும்பின் மூலைக்குப் பின்னால், வலியே இல்லாத ஒரு வீக்கம். "சவரம் செய்யும்போது கையில் தட்டுப்பட்டது" என்பார்கள். "என் மனைவிதான் பார்த்துச் சொன்னாள்" என்பார்கள். மூக்கில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டால், ஒரு பக்கக் காது கொஞ்ச நாளாக அடைத்த மாதிரி இருப்பதும், காலையில் காறித் துப்பினால் லேசாக இரத்தம் வருவதும் அப்போதுதான் நினைவுக்கு வரும்.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் வருவதும் அதே நிணநீர் முடிச்சுதான். இந்த நோயில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு, நோய் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்படும்போதே முடிச்சுகளுக்கும் பரவியிருக்கும். வேறு பல புற்றுநோய்களில் முடிச்சு வரை போய்விட்டது என்றால் காலம் கடந்துவிட்டது என்று முகம் வாடுகிறோம். இங்கே அப்படி வாட வேண்டியதில்லை. முடிச்சு இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். கழுத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, தன் உறையை உடைத்து வெளியே வந்துவிட்டதா என்பது மறுபாதி. நோயாளியின் எதிர்காலம் அந்த மறுபாதியில்தான் இருக்கிறது. எங்கள் துறை இதைப் புரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளின் பெரும்பகுதியில் நானும் இந்தத் துறையில் இருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூரில் இளம் மருத்துவராக இந்தத் துறைக்குள் வந்தேன். எங்களிடம் இருந்தது கோபால்ட் இயந்திரம். எம்ஆர்ஐ கிடையாது. சிடி ஸ்கேன் எல்லோருக்கும் கிடைக்காது. கழுத்தை அறிய இருந்த முதன்மையான கருவி விரல்தான். என் மூத்த மருத்துவர், நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் போய் நிற்கச் சொல்வார். தலையைச் சற்றுக் குனியவைத்துக் கழுத்துத் தசையைத் தளரவிட்டு, இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் தாடையின் மூலையிலிருந்து காறை எலும்பு வரை படிப்படியாகத் தடவி இறங்க வேண்டும். முடிச்சு எத்தனை, எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது, விரலுக்கு நகர்கிறதா, அடியில் தசையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நோயாளியின் தாளில் கழுத்தின் படம் வரைந்து, முடிச்சைப் பென்சிலால் குறிக்க வேண்டும். "கட்டி இருக்கிறது என்று மட்டும் எழுதாதே. அது எங்கே முடிகிறது என்று எழுது" என்பார். மேலே எங்கே தொடங்குகிறது என்பதைவிட, கீழே எங்கே முடிகிறது என்பதையே அவர் முதலில் பார்ப்பார்.

இந்தப் பழக்கம் ஹாங்காங்கிலிருந்து வந்தது. அங்கே குவீன் எலிசபெத் மருத்துவமனையில் கதிர் சிகிச்சைத் துறையைக் கட்டியெழுப்பிய ஜான் ஹோ, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் கழுத்தைக் கவனித்து, 1978-ல் இந்த நோய்க்கென்றே ஒரு நிலைப் பகுப்பை வெளியிட்டார். கழுத்தை அவர் மேலிருந்து கீழாக மூன்றாகப் பிரித்தார். குரல்வளை மட்டத்தில் ஓடும் தோல் மடிப்புக்கு மேலே ஒன்று. அதற்குக் கீழே, காறைக்குழிக்கு மேலே இரண்டாவது. காறைக்குழி மூன்றாவது. முடிச்சு எவ்வளவு தாழ்வாக இறங்கியிருக்கிறதோ அவ்வளவுக்கு எதிர்காலம் மோசமாகிறது என்பது அவர் கண்டது. அந்தக் காலத்தில் மேற்கத்திய நாடுகளின் பகுப்பு, தலை, கழுத்துப் பகுதியின் மற்றப் புற்றுநோய்களுக்குப் போலவே, முடிச்சின் அளவையும் அது ஒரு பக்கமா இரு பக்கமா என்பதையும் வைத்துக் கணக்கிட்டது. மேற்கே இந்த நோய் அபூர்வம். தென் சீனத்திலும் ஹாங்காங்கிலும் எங்கள் தீபகற்பத்திலும் அன்றாடம் பார்ப்பது. அன்றாடம் பார்த்தவரின் கணக்கே கடைசியில் நின்றது.

நிணநீரின் ஓட்டம் வயலுக்குப் பாயும் வாய்க்கால் மாதிரி. வழி நெடுக மடைகள் உண்டு. மேல் மடை தடுத்து நிறுத்தும்வரை கீழ் மடைக்குச் சேறு வராது. இந்த நோய் ஒரு மடையைத் தாண்டிக் குதிப்பது அரிது. முதலில் மூக்குத்தொண்டைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டியிருக்கும் முடிச்சுகளும் கழுத்தின் மேற்பகுதி முடிச்சுகளும். பிறகு நடுக்கழுத்து. கடைசியாகக் காறைக்குழி. காறைக்குழிக்கு வந்துவிட்டது என்றால் அடுத்தது கழுத்தடியில் நிணநீர் போய்க் கலக்கும் பெரிய இரத்தக்குழாய். அங்கிருந்து எலும்பு, நுரையீரல், கல்லீரல்.

இதை நான் நூலில் படித்ததைவிட இரண்டு நோயாளிகளிடம் தெளிவாகப் பார்த்தேன். ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தவர்கள். ஒருவர் ஈப்போ பக்கத்து லாரி ஓட்டுநர். காதுக்குக் கீழே கோழிமுட்டை அளவுக் கட்டி. தூரத்திலிருந்தே தெரியும். அவருடைய குடும்பம் ஏற்கெனவே அழுது முடித்துவிட்டு வந்திருந்தது. மற்றவர் கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பார்த்தால் ஒன்றுமே தெரியாது. காறைக்குழியில் விரலை அழுத்தினால் பட்டாணி அளவில் ஒன்று நழுவும். மூக்குத்தொண்டையில் இருந்த மூலக்கட்டி இருவருக்கும் சிறியதுதான். லாரி ஓட்டுநர் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் என் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்துகொண்டிருந்தார். பேரன் பிறந்த செய்தியை அங்கேதான் எனக்குச் சொன்னார். கடைக்காரர் அடுத்த ஆண்டு முடிவதற்குள் முதுகுவலியோடு வந்தார். முதுகெலும்புக்கு நோய் போயிருந்தது. இரண்டு பேரை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் அதே விதி அதற்குப் பிறகு திரும்பத் திரும்ப என் முன்னால் உட்கார்ந்தது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் கட்டியைப் பார்த்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும், விரலுக்கு மட்டும் தெரியும் கட்டியைப் பார்த்து ஆறுதல் கொள்ள வேண்டாம் என்றும் இளம் மருத்துவர்களிடம் சொல்லிவந்தேன்.

அந்தக் காலத்தில் மனத்தை மிகவும் வருத்தியவை வெட்டப்பட்ட கழுத்துகள். வலியில்லாத வீக்கத்தோடு போனவருக்கு முதலில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். குறையாவிட்டால் காசநோய் என்று ஆறு மாத மருந்து தொடங்கிவிடுவார்கள். எங்கள் நாட்டில் கழுத்துக் காசநோயும் உண்டு என்பதால் அந்த எண்ணம் வருவது இயல்பு. அதற்கும் கரையாவிட்டால் ஏதோ ஒரு சிறிய மருத்துவமனையில் கட்டியை வெட்டி எடுத்துவிடுவார்கள். பரிசோதனை அறிக்கையில் புற்றுநோய் என்று வந்த பிறகுதான் மூக்கின் வழியே உள்ளே பார்க்க வேண்டும் என்று தோன்றும். அப்படி ஒருவர் கழுத்தில் நீண்ட தழும்போடு வந்தார். முடிச்சின் உறை கிழிந்து, திசுக்கள் கலைந்து, எது நோய், எது தழும்பு என்று விரலுக்கும் தெரியவில்லை, படத்துக்கும் தெரியவில்லை. கதிரை எந்த எல்லை வரை கொடுப்பது என்பதே சிக்கலானது. தழும்புத் தோலையும் சேர்த்து முழு அளவு கொடுக்க வேண்டியிருந்தது. சரியான வரிசை எளிமையானது. பெரியவர் ஒருவருக்குக் கழுத்தில் வலியில்லாத கட்டி வந்தால், முதலில் மூக்கின் வழியே குழாய்க்கருவியை விட்டு மூக்குத்தொண்டையைப் பார்க்க வேண்டும். சந்தேகமான இடத்தில் சிறு துண்டு எடுக்க வேண்டும். கழுத்தில் தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்த்தால் போதும். கத்தி கடைசியில். இந்த வரிசையைப் பொதுமருத்துவர்களுக்கான கூட்டங்களில் நான் சொல்லாத ஆண்டே இல்லை.

அந்த ஊசியில் வந்த செல்களையும் மூக்கிலிருந்து எடுத்த துண்டையும் படிக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். சிங்கப்பூர் நோயியல் பேராசிரியர் க. சண்முகரத்தினம், இலங்கைத் தமிழ் வழிவந்தவர். சிங்கப்பூரின் புற்றுநோய்ப் பதிவேட்டை அறுபதுகளின் கடைசியில் தொடங்கி நடத்தியவர். சீனர்களுக்குள்ளேயே கான்டனீஸ் பேசுவோரிடம் இந்த நோய் ஹொக்கியன், தியோச்சூ பேசுவோரைவிட அதிகம் என்பதும், இந்தியர்களிடம் மிகக் குறைவு என்பதும் அந்தப் பதிவேட்டால் தெளிவாயின. 1978-ல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட மூக்கு, தொண்டைக் கட்டிகளின் திசுவியல் வகைப்பாடு அவர் முன்னின்று செய்தது. அதில் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் மூன்று வகையாயிற்று. எங்கள் பகுதியில் வருவதில் மிகப் பெரும்பான்மை, செல்கள் முதிர்ந்து உருவம் பெறாத வகை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் அந்தச் செல்களுக்குள் இருக்கும். இந்த வகை கழுத்துக்குச் சீக்கிரம் இறங்கும். ஆனால் கதிருக்கு நன்றாகக் கரையும்.

கரையும் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம், மொத்தம் 70 கிரே என்பது கதிரின் அளவு. மூன்றாவது வாரத்திலேயே கோழிமுட்டை நெல்லிக்காய் ஆகிவிடும். நோயாளி கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு, "டாக்டர், போய்விட்டது. மீதியையும் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்பார். நாக்கு வெந்து, தொண்டை புண்ணாகி, எச்சில் வற்றியிருக்கும் நேரத்தில் அந்தக் கேள்வி மிக நியாயமானது. முழுவதும் கொடுக்க வேண்டும் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் செல்கள் கடைசி வாரங்களில்தான் சாகின்றன. முடிச்சு சீக்கிரம் கரைவதை வைத்து நோயாளி பிழைப்பார் என்று கணக்குப் போடக் கூடாது என்பதையும் கற்றேன். கழுத்தில் இருப்பது கரைந்துவிடும். கழுத்தைத் தாண்டி ஏற்கெனவே போய்விட்டதா என்பது அந்தக் கரைதலில் தெரியாது. நேர்மாறாக, சில முடிச்சுகள் மெதுவாகவே சுருங்கும். சிகிச்சை முடிந்து மூன்று மாதம் வரை பொறுத்துப் பார்த்த பிறகே, மிஞ்சியிருந்தால் அறுவை மருத்துவரை அழைப்போம்.

தொண்ணூறுகளில் எம்ஆர்ஐ வந்தது. கழுத்தில் ஒன்றுமில்லை என்று விரலால் தடவி எழுதியிருந்த பலருக்கு, மூக்குத்தொண்டைக்குப் பின்னால், எந்த விரலும் எட்டாத ஆழத்தில் முடிச்சு தெரிந்தது. ரூவியேர் முடிச்சு என்று உடற்கூற்றியலில் படித்திருந்தோம். இந்த நோயின் முதல் மடைகளில் அதுவும் ஒன்று என்பதைத் திரையில்தான் பார்த்தோம். முடிச்சே இல்லாதவர்கள் என்று நாங்கள் வைத்திருந்த குழு சுருங்கிக்கொண்டே போனது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆழத்தில் முடிச்சு உள்ளவர்களை "முடிச்சு இல்லை" என்ற குழுவிலிருந்து எடுத்து "முடிச்சு உண்டு" என்ற குழுவில் சேர்த்தால், முதல் குழுவில் மிஞ்சியவர்கள் உண்மையிலேயே நலமானவர்கள். ஆகவே அந்தக் குழுவின் முடிவுகள் உயரும். சேர்க்கப்பட்டவர்களுக்கோ நோய் மிகச் சிறிய அளவில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டாவது குழுவின் முடிவுகளும் உயரும். ஒருவர்கூடக் கூடுதலாகப் பிழைக்காமலே இரண்டு குழுக்களும் முன்னேறியதாகத் தாளில் தெரியும். பழைய எண்களையும் புதிய எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது. ஒரு நோயாளியிடம் "இந்த நிலையில் இத்தனை சதவீதம்" என்று சொல்வதற்கு முன், அந்த நிலை விரலால் தீர்மானிக்கப்பட்டதா, படத்தால் தீர்மானிக்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு அப்போது வந்தது.

புற்றுநோய் நிலைகளுக்கான உலகப் பொதுப் பகுப்பும் மாறியது. 1997-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஹோவின் காறைக்குழி இடம்பெற்றது. ஏழாம் பதிப்பில், பின்தொண்டை முடிச்சு ஒரு பக்கமானாலும் இரு பக்கமானாலும் முதல்படி முடிச்சு என்று வரையறுத்தார்கள். எட்டாம் பதிப்பில் காறைக்குழிக்குப் பதிலாக, குரல்வளையின் அடியில் இருக்கும் வளையக் குருத்தெலும்பின் கீழ் விளிம்பை எல்லைக்கோடாக்கினார்கள். ஸ்கேனில் அந்த விளிம்பை எல்லோரும் ஒரே மாதிரி பார்க்க முடியும் என்பதால் அது நல்ல மாற்றம். என் மூத்த மருத்துவர் பென்சிலில் போட்ட கோடு கொஞ்சம் மேலே ஏறி, உலகம் முழுவதற்கும் பொதுவாயிற்று.

1998-ல் அமெரிக்காவிலிருந்து அல்-சர்ராஃப் குழுவின் ஆய்வு வந்தது. முற்றிய நிலை நோயாளிகளுக்குக் கதிரோடு கீமோவும் சேர்த்தபோது, மூன்று ஆண்டுகளில் உயிரோடிருந்தவர்கள் 47 சதவீதத்திலிருந்து 78 சதவீதமாக உயர்ந்தார்கள். எங்கள் வார்டு அடுத்த சில ஆண்டுகளில் வேறு மாதிரி ஆனது. கீமோ மருந்தான சிஸ்பிளாட்டின் பாட்டில் தொங்காத கட்டில் குறைந்தது. முற்றிய நோய்க்கு அது சரி. அடுத்து எழுந்த கேள்வி ஆரம்ப நிலையைப் பற்றியது. மூலக்கட்டி சிறியது, கழுத்தில் ஒரு பக்கம் மேலே ஒரே ஒரு முடிச்சு. அன்றைய கணக்கில் இது இரண்டாம் நிலை. இவருக்கும் கீமோ வேண்டுமா? 2011-ல் சீனாவில் 230 இரண்டாம் நிலை நோயாளிகளிடம் செய்த ஆய்வு வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுகளில் உயிரோடிருந்தவர்கள் கதிர் மட்டும் பெற்றவர்களில் 85.8 சதவீதம், கீமோவும் பெற்றவர்களில் 94.5 சதவீதம். ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது பழைய முறைக் கதிர். பக்கவாட்டில் இரண்டு சதுரம், முன்னால் ஒரு சதுரம் என்ற காலத்தின் முறை. அதற்குள் எங்களிடம், கதிரைக் கட்டியின் வடிவத்துக்கே வளைத்துக் கொடுக்கும் ஐஎம்ஆர்டி வந்துவிட்டிருந்தது.

சிஸ்பிளாட்டின் பயன் தரும் மருந்து. ஆனால் இலவசமாகத் தருவதில்லை. வாந்தி நின்றுவிடும். சிறுநீரகம் ஓரளவு தேறும். காதின் உயர்சுர ஒலிகள் போனால் திரும்புவதில்லை. இந்த நோயாளிகளுக்குக் காது ஏற்கெனவே கதிரின் வழியில் இருக்கிறது. சாகாமல் காப்பாற்றப்பட்ட பிறகு முப்பது ஆண்டுகள் வாழப்போகிற நாற்பது வயதுக்காரரின் காது, அலட்சியமாக விட்டுக்கொடுக்கத்தக்க பொருள் அன்று.

ஆரம்ப நிலைக்கும் கீமோ வேண்டுமா என்ற கேள்விக்கு விடை 2022-ல் கிடைத்தது. சீனாவில் ஆபத்துக் குறைந்தவர்கள் என்று 341 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. முடிச்சுகள் எல்லாம் மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவு. கழுத்தின் கீழ்ப்பகுதியில் எதுவும் இல்லை. உறையை உடைத்து வெளிவரவில்லை. இரத்தத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் டிஎன்ஏ ஒரு மில்லிலிட்டருக்கு 4,000 பிரதிகளுக்குக் கீழே. எண்பதுகளில் நாங்கள் தாளில் குறித்த அதே கேள்விகள், இரத்தப் பரிசோதனை ஒன்று கூடுதல். இவர்களில் பாதிப் பேருக்கு ஐஎம்ஆர்டி மட்டும், பாதிப் பேருக்குக் கீமோவும். மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 90.5 சதவீதம், இரண்டாவதில் 91.9 சதவீதம். ஏறக்குறைய சமம். வாந்தியும் சோர்வும் இரத்த அணுக் குறைவும் முதல் குழுவில் வெகுவாகக் குறைவு.

அந்த ஆய்வு வெளிவந்த பின் என்னிடம் ஓர் இசை ஆசிரியை வந்தார், பினாங்கைச் சேர்ந்தவர். இடப்பக்கக் கழுத்தில் மேலே ஒரு சிறு முடிச்சு. எம்ஆர்ஐயில் உறை முழுசாக இருந்தது. வைரஸ் டிஎன்ஏ மிகக் குறைவு. அவருடைய அண்ணனுக்கும் இதே நோய் வந்து கீமோ பெற்றிருந்தார்.

"கழுத்துக்கு வந்துவிட்டதே டாக்டர், கீமோ இல்லாமல் எப்படி?" என்று கேட்டார்.

"எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள் டீச்சர்" என்று திரையில் காட்டினேன். "அண்ணனுக்குக் கீழ்க்கழுத்து வரை இறங்கியிருந்தது. உங்களுக்கு முதல் இடத்திலேயே நிற்கிறது. உங்களுக்குக் கீமோவால் கிடைக்கும் கூடுதல் பயன் மிகச் சிறிது. போகக்கூடியது காது."

சிறிது நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் குறைவாகக் கொடுப்பது என்னை விட்டுவிடுவது ஆகாதா?" என்று கேட்டார். எத்தனையோ நோயாளிகள் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்காமல் போன கேள்வி அது. குறைவான சிகிச்சை என்பது குறைவான அக்கறை அன்று என்பதை விளக்க அன்று நெடுநேரம் எடுத்துக்கொண்டேன். அந்த நேரமும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

கழுத்திலும் குறைக்கக் கற்றோம். நான் வேலைக்கு வந்த காலத்தில் முடிச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழுத்து முழுவதற்கும் கதிர் போகும். பிழைத்தவர்கள் பல ஆண்டுகள் கழித்து வருவார்கள். கழுத்துத் தோல் பலகையாக இறுகியிருக்கும். தைராய்டு சோர்ந்துபோய் உடம்பு கனத்திருக்கும். சோறு தொண்டையில் நிற்கும். தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே கிளம்ப முடியாது. உயிர் பிழைத்ததற்காக அவர்கள் எங்களுக்கு நன்றி சொல்வார்கள். அந்த நன்றியைக் கேட்டுக்கொண்டு, அந்த இறுகிய கழுத்தையும் தடவிப் பார்ப்பது எங்கள் கடமையாக இருந்தது. நோய் மடை தாண்டிக் குதிப்பதில்லை என்பது உண்மையானால், நோய் இல்லாத பக்கத்தின் கீழ்க்கழுத்தை ஏன் சுட வேண்டும்? இதையும் சீனாவில் 446 பேரிடம் சோதித்தார்கள். முடிச்சு இல்லாத பக்கத்தில் மேற்கழுத்துக்கு மட்டும் கதிர் பெற்றவர்களில் 97.7 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுகளில் கழுத்தில் நோய் திரும்பவில்லை. முழுக் கழுத்துக்கும் பெற்றவர்களில் 96.3 சதவீதம். தைராய்டுக் குறைவும் விழுங்கும் சிரமமும் கழுத்து இறுக்கமும் முதல் குழுவில் குறைந்தன. ஹோ பென்சிலால் பிரித்த கழுத்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் ஒருவருடைய தைராய்டைக் காப்பாற்றியது.

நோயைச் சீக்கிரம் பிடிப்பதில் எங்கள் அனுபவம் கடினமானது. சரவாக் மாநிலத்தில் பிடாயு மக்களிடம் இந்த நோய் மிக அதிகம். அங்கே 1994-ல் கிராம மருத்துவமனைத் தாதியருக்குப் பயிற்சி கொடுத்து, மார்பகம், கருப்பைவாய், மூக்குத்தொண்டை ஆகிய மூன்று புற்றுநோய்களையும் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். நான்கு ஆண்டுகளில் முற்றிய நிலையில் வரும் மார்பகப் புற்றுநோய் 60 சதவீதத்திலிருந்து 35 ஆயிற்று. கருப்பைவாய்ப் புற்றுநோய் 60-லிருந்து 26 ஆயிற்று. மூக்குத்தொண்டை மட்டும் 88-லிருந்து 91 என்று நின்ற இடத்திலேயே நின்றது. மக்களிடமோ தாதியரிடமோ குறையில்லை. கைக்கு எட்டாத, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொடங்கி, கழுத்தில் தெரியும்போதே ஒரு படி தாண்டிவிட்ட நோய் இது. வெளியிலிருந்து பார்த்துப் பிடிப்பதற்கு ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையைத் தாண்டும் வழி இரத்தத்தில் கிடைத்தது. கட்டி உடைத்து விடும் வைரஸ் டிஎன்ஏவை இரத்தத்தில் அளக்க முடியும் என்று ஹாங்காங்கில் டெனிஸ் லோ குழு 1999-ல் காட்டியது. 2017-ல் அதே குழு, எந்தத் தொந்தரவும் இல்லாத 20,000-க்கும் மேற்பட்ட நடுத்தர வயது ஆண்களின் இரத்தத்தைச் சோதித்து வெளியிட்ட முடிவில், 34 பேருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அவர்களில் 71 சதவீதம் பேர் முதலிரு நிலைகளில் இருந்தார்கள். வழக்கமாக அந்த நிலைகளில் வருவோர் 20 சதவீதம்தான். இந்தச் சோதனை இந்த நோய் மிகுந்த மக்களுக்கே பொருந்தும். நோய் அபூர்வமாக உள்ள தமிழ்நாட்டில் எல்லோருக்கும் செய்வதில் பயனில்லை. கருவாடு சாப்பிட்டால் இந்த நோய் வருமா என்றும் நம்மவர்கள் என்னிடம் கேட்பார்கள். புற்றுநோய்க் காரணியாக உறுதிசெய்யப்பட்டது சீன முறையில் செய்யும் உப்பு மீன், அதுவும் குழந்தைப் பருவத்திலிருந்தே ஊட்டப்படுவது. மற்ற உப்பு மீன்கள் மீது அந்தத் தீர்ப்பு இல்லை.

இப்போது ஒன்பதாம் பதிப்புப் பகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. மூலக்கட்டி சிறியதாயிருந்து, கழுத்தின் மேற்பகுதியில் ஒரு பக்கம் மட்டும் முடிச்சு உள்ளவரை இனி முதல் நிலை என்றே அழைக்கிறோம், அதில் இரண்டாம் உட்பிரிவு. கழுத்தில் நெறி கட்டி வந்த ஒருவரிடம் "உங்களுக்கு முதல் நிலை" என்று சொல்ல முடியும் என்று எண்பதுகளில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அதே பதிப்பு இன்னொன்றும் செய்தது. உறையை உடைத்துப் பக்கத்துத் தசைக்குள்ளோ தோலுக்குள்ளோ நரம்பு, இரத்தக்குழாய்களுக்குள்ளோ புகுந்துவிட்ட முடிச்சு, மேலே இருந்தாலும் சிறியதாக இருந்தாலும், மிகக் கடுமையான முடிச்சு வகைக்குப் போய்விட்டது. ஒரு பக்கம் பயத்தைக் குறைத்தது. மறுபக்கம் எச்சரிக்கையைக் கூட்டியது. இரண்டுமே நியாயம்.

இன்று இந்தத் துறைக்கு வரும் இளையவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நோயாளியின் பின்னால் போய் நின்று ஒருமுறை கழுத்தைத் தடவிப் பாருங்கள் என்பதே. பிறகு தாளில் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: எந்தப் பக்கம், கீழே எங்கே முடிகிறது, எவ்வளவு பெரிது, உறை முழுசாக இருக்கிறதா, பின்தொண்டையில் உண்டா. இந்த ஐந்தும் இல்லாமல் "கழுத்தில் பரவியிருக்கிறது" என்ற ஒற்றை வரியை நோயாளியிடம் கொடுக்காதீர்கள். அந்த வரியைக் கேட்டு வீட்டுக்குப் போகிறவர் அன்றிரவே உயில் எழுதத் தொடங்குகிறார். அவருக்குப் பத்தில் ஒன்பது பங்கு பிழைக்கும் வாய்ப்பு இருக்கலாம். காது கேட்கவும், சோறு விழுங்கவும், பாடவும் முடிகிற வாழ்க்கையும் இருக்கலாம். அது அவருக்கு உண்டா இல்லையா என்பதை அந்த ஐந்து விடைகள்தான் சொல்லும். ஆகவே அவற்றைத் தேடித் தெரிந்துகொண்டு, அவர் எதிரே உட்கார்ந்து, அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள்.